வடபுலத்துப் பனிக்கால அரும்புட்கள்: சான்று நோக்கிய ஒரு வரலாறு

கூதிர் கழிந்து முன்பனி புகும் பொழுதில் வட இந்திய ஏரிகளிலும் சதுப்பு நிலங்களிலும் வேற்றுநிலப் பறவைகள் வந்து இறங்குதல் ஆண்டுதோறும் நிகழ்வதொன்று. சைபீரியா, நடு ஆசியா, திபெத்து ஆகிய நிலங்களினின்றும் புறப்பட்டு, இந்துகுஷ் மலையையோ இமயத்தையோ கடந்து, கங்கை யமுனைச் சமவெளியில் பனிக்காலத்தைக் கழித்து, இளவேனில் தொடங்கும்போது அவை மீளும். இவ்வாறு வந்து மீளும் இயல்புடைய பறவைகளைக் குறிக்கத் தமிழில் 'வம்பப்புள்' என்னும் தொடர் உண்டு. அகநானூற்றில் அது பயின்று வருதலைக் காணலாம். வம்பு என்னும் உரிச்சொல்லுக்குத் தொல்காப்பியர் கூறும் பொருள் நிலையின்மை. வந்த இடத்தில் நிலைத்து வாழாத புள் வம்பப்புள் எனப்பட்டமை மிகப் பொருத்தமுடைத்து. எனினும் இக்கட்டுரை ஆண்டுதோறும் தவறாது வரும் வம்பப்புட்களைப் பற்றியதன்று. ஒருமுறையோ சிலமுறையோ கண்டு எழுதப்பட்டு, பின்னர் நூறாண்டு காணப்படாதனவும், பண்டு ஆண்டுதோறும் வந்து இன்று அறவே வாராதொழிந்தனவும் ஆகிய சில பறவைகளின் சான்றுகளையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இது பறவை நூலார்க்கு உரிய பொருளன்றோ, தமிழ் பயில்வார்க்கு இதனால் ஆவது என்னை எனின், கூறுதும். புறநானூற்றின் 67ஆம் பாட்டில் பிசிராந்தையார் அன்னச் சேவலொன்றை விளித்து, குமரித் துறையில் இரை தேர்ந்து வடமலைக்குச் செல்லும் வழியில் உறையூரில் கோப்பெருஞ்சோழனைக் காணுமாறு கூறுகின்றார். அவ்வன்னம் யாது? மேலைநாட்டு ஓவியங்களிற் காணும் நெடுங்கழுத்து வெண்பறவையே அது என்று கொள்வாரும் உளர். அவ்வினமோ கடும்பனி பெய்யும் ஆண்டுகளில் வடமேற்கு எல்லையில் ஒன்றிரண்டாக வழிதவறி வருவதன்றித் தென்னாடு எய்துவதன்று. வரித்தலை வாத்து அத்தகையதன்று. திபெத்து முதலிய உயர்நிலத்து ஏரிகளிற் குஞ்சு பொரித்து, இமயம் கடந்து, வடபுலமெங்கும் தங்கி, நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளம் வரையும் அது வருகின்றது. இவ்வினப் பறவையின் உடலிற் கருவி பொருத்தி ஆராய்ந்தோர், 7,290 மீட்டர் உயரத்தில் அது பறந்ததை 2013இல் வெளியிட்டனர். பிசிராந்தையார் கண்டது இதுவே என்று அறுதியிடுதற்குப் பாட்டினுள் அகச்சான்று போதாது. ஆயினும் வடமலைக்கும் தென்குமரிக்கும் இடையே புலவர் காட்டிய வழி வெறுங்கற்பனை அன்று என்பது தேற்றம்.

நிற்க. இதனினும் நெருங்கிய தொடர்பு ஆராய்ச்சி முறை பற்றியது. யான் பறவை நூல் வல்லேன் அல்லேன். ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடம் தேர்தலே என் பயிற்சி. பத்து ஏடுகள் ஒரு பாடத்தைக் காட்ட, ஓரேடு மட்டும் வேறொன்றைக் காட்டுமாயின் பதிப்பாசிரியன் என் செய்வான்? எழுதினோன் பிழை என்று தள்ளினால் மூலபாடமே அழிந்துபோகக் கூடும்; புதுமை விழைந்து ஏற்றுக்கொண்டால் இடைச்செருகல் மூலமாகிவிடக் கூடும். அரும்புட்களைப் பற்றிய குறிப்புகளும் இவ்விடர்ப்பாட்டுக்கு உட்பட்டனவே. இதனைக் காட்டும் நிகழ்ச்சிகள் மூன்றினை எடுத்துக்கொள்வோம்.

இந்தியத் தேசியக் காங்கிரசு 1885இல் தோன்றுதற்கு முதன்மைக் காரணராயிருந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம் என்பாரை அரசியல் வரலாறு அறியும். அவரே இந்தியப் பறவை ஆராய்ச்சிக்கும் பெருந்தொண்டு புரிந்தவர் என்பதைப் பலர் அறியார். எட்டாவா மாவட்டத்தில் ஆட்சியராக இருந்த நாள்தொட்டே அவர் பறவைகளைச் சேர்த்துக் குறிப்பெழுதி வந்தார். 1867ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள், இமயச் சரிவில் ராம்பூரை அடுத்த சட்லெஜ் பள்ளத்தாக்கில், பழுப்பு நிறச் சிறுகுருவி ஒன்று அவர்தம் கைக்கு வந்தது. நாணற் புதர்களில் வாழும் கதிர்க்குருவி இனத்தது அது. அலகு மட்டும் வழக்கத்தினும் பெரிது. அவ்வேறுபாடு கண்டு ஹியூம் 1869இல் அதனைப் புதிய இனமாக அறிவித்தார். அதன்பின் அத்தகைய பறவையொன்று எவர் கைக்கும் எட்டவில்லை. எட்டியும் அறியப்படவில்லை என்பதே பொருந்தும். ஒரே உடல், ஒரே நாள், ஒரே இடம். இச்சான்றை வைத்துக்கொண்டு பின்வந்தோர் பலவாறு கருதினர். தனியினம் என்றார் சிலர். வேறோர் இனத்தின் திரிந்த வடிவம் என்றார் சிலர். ஹியூம் போன்ற ஒருவரின் கண்ணையே ஐயுறும் நிலை ஏற்பட்டது.

2002இல் ஸ்டாஃபான் பென்ஷ், டேவிட் பியர்சன் என்னும் இருவர், அருங்காட்சியகத்தில் இருந்த அவ்வுடலினின்றும் மரபணுவை எடுத்து ஆராய்ந்து, அது தனியினமே என்று நிறுவினர். நான்காண்டு கழித்து, 2006 மார்ச்சு 27இல், தாய்லாந்தின் பெட்சபுரி மாநிலத்துக் கடலோரச் சதுப்பில் பறவைகட்கு வளையமிட்டுக்கொண்டிருந்த பிலிப் ரவுண்டு என்பாரின் வலையில் ஒரு கதிர்க்குருவி வீழ்ந்தது. அலகின் நீளம் கண்டு ஐயுற்ற அவர் இறகிரண்டை ஆய்வுக்கு அனுப்பினார். 139 ஆண்டுகட்கு முன் சட்லெஜ் பள்ளத்தாக்கில் கிடைத்த பறவையின் இனமே அது என்பது தெளிவாயிற்று. பின்னர், பெயர் மாறிய சீட்டுடன் அருங்காட்சியக இழுப்பறைகளில் உறங்கிய அவ்வின உடல்கள் பிறவும் ஒவ்வொன்றாக வெளிவந்தன. அவற்றுள் ஒன்று 1869இல் இந்தியாவில் பிடிக்கப்பட்டது. பிளைத் நாணற் கதிர்க்குருவி என்னும் பொது இனத்தின் உடல்களோடு கலந்து கிடந்தது. 2008, 2009 ஆகிய ஆண்டுகளில் ஆப்கானித்தானத்து வாக்கான் பகுதியில் இதன் இனப்பெருக்க நிலமும் அறியப்பட்டது.

இதனால் நாம் அறியத்தக்கது யாது? ஹியூம் எழுதியது பொய்யன்று என்பது ஒன்று. அதனினும் முதன்மையானது, பறவை அரிதாயிருந்ததோ அன்றி அறிவார் அரியராயிருந்தனரோ என்னும் ஐயம். இழுப்பறையுள் இருந்தவற்றை ஒருவர் அளந்து பார்த்திருப்பின் ஒற்றைச் சான்று என்னும் பெயர் என்றோ நீங்கியிருக்கும். நம் நூலகங்களிலும் தவறான தலைப்பின்கீழ்க் கட்டப்பட்ட சுவடிகள் உள என்பதை அவற்றை அவிழ்த்துப் பார்த்தோர் அறிவர்.

ஹியூமைப் பற்றி இன்னுமொன்று கூறாதிருத்தல் இயலவில்லை. இந்தியப் பறவைகளைப் பற்றிய பெருநூலொன்று எழுதுதற்கென இருபத்தைந்து ஆண்டுகளாக அவர் தொகுத்த கையெழுத்துக் குறிப்புகள் சிம்லாவில் அவர்தம் மாளிகையில் இருந்தன. அவர் பனிக்காலத்தைச் சமவெளியிற் கழித்துத் திரும்பியபோது, அக்குறிப்புகளின் பெரும்பகுதியை வேலையாள் ஒருவன் கடைத்தெருவிற் பழந்தாளாக எடைக்கு விற்றுவிட்டிருந்தான். ஹியூம் மனமுடைந்து, ஏறத்தாழ 80,000 பறவையுடல்கள் கொண்ட தம் திரட்டு முழுவதையும் 1885இல் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்கு வழங்கிவிட்டார். பறவை ஆராய்ச்சியினின்றும் விலகினார். ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடப்பட்ட நம் ஏடுகளை எண்ணி வருந்தும் நமக்கு இதனை விளக்கிக் கூற வேண்டுவதின்று.

இனி, இமயமலைக் காடை. 1846இல் ஜான் எட்வர்டு கிரே இதனை நூல்முறையில் விவரித்தபோது, அதனை எங்குப் பிடித்தனர் என்பதே அறியப்படவில்லை. இங்கிலாந்தில் டார்பி பிரபுவின் விலங்குத் திரட்டில் இருந்த பறவையைக் கண்டே அவர் எழுதினார். 1865 நவம்பரில் முசௌரியின் பின்புறத்து மலைச்சரிவில் இதனை வேட்டையாடிய பின்னரே இதன் நிலம் புலனாயிற்று. 1876 டிசம்பரில் நைனித்தாலில் ஒன்று கிடைத்தது. அதன்பின் ஐயமற்ற சான்று இல்லை. இன்று உலகத்து அருங்காட்சியகங்களில் உள்ள உடல்கள் ஒரு பன்னிரண்டு அளவின. முசௌரியைச் சார்ந்த குறிப்புகள், இக்காடைகள் நவம்பர் மாதத்தில் சிறு கூட்டங்களாகத் தோன்றிக் கோடை முதிருமுன் மறைந்தன என்கின்றன. ஆயின் அவை பனிக்கு அஞ்சி உயர்மலையினின்றும் இறங்கி வந்தனவா? அன்றி அங்கேயே வாழ்ந்து, புல் வளர்ந்து மறைத்தமையின் மற்றைத் திங்கள்களிற் காணப்படாதிருந்தனவா? அடர்த்தியும் மென்மையும் உடைய அதன் தூவியைக் கொண்டு முதற்கூற்றைச் சிலர் துணிவர். எனக்கு அது போதிய காரணமாகத் தோன்றவில்லை. வேட்டைக்குச் செல்வோர் பனிக்காலத்திலேயே சென்றனராதலின் சான்றும் பனிக்காலத்துச் சான்றாகவே அமைந்தது என்று கொள்ளவும் இடமுண்டு. காண்பானின் காலம் பறவையின் காலமாகப் பதிவாகிவிடும் என்பதை மறத்தலாகாது.

மூன்றாவது நிகழ்ச்சி பொய்ச்சான்று பற்றியது. இதன் நிலம் வடபுலத்தினும் சற்றுத் தெற்கே, தபதி ஆற்றுப் பகுதியும் சாத்பூரா மலைத்தொடரும் ஆகும். இப்பறவையும் வம்பப்புள் அன்று. ஆயினும் வடபுல வரலாற்றை அறிதற்கு இன்றியமையாமையின் ஈண்டு எடுத்துக் கூறப்படுகின்றது. காட்டுச் சிற்றாந்தை என்னும் பறவையையும் 1873இல் விவரித்தவர் ஹியூமே. 1884க்குப்பின் அது கிடைக்கவில்லை. எனினும் ரிச்சர்டு மைனர்ட்ஸ்ஹாகன் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் தம் திரட்டில் ஒன்றைக் காட்டி, அது குசராத்தின் மாண்டவியில் 1914இல் தாம் சேர்த்தது என்றார். அவர்தம் புகழ் பெரிது, எவரும் ஐயுறவில்லை. சிற்றாந்தையைத் தேடினோர் அவர் காட்டிய இடத்தையும் பொருட்டாகக் கொண்டு தேடி வெறுங்கையராய் மீண்டனர்.

பமீலா ராஸ்முசென் அவ்வுடலை உட்புறம் துருவி நோக்கினார். பஞ்சடைத்த முறையும் தைத்த முறையும் மைனர்ட்ஸ்ஹாகனுடையன அல்ல. 1880களில் கான்தேசத்தில் பறவை சேர்த்த ஜேம்சு டேவிட்சன் என்பாருடையன. அருங்காட்சியகத்தினின்றும் திருடப்பெற்று, மறுபடி தைக்கப்பெற்று, புதுச்சீட்டுக் கட்டப்பெற்ற உடல் அது. எனவே 1914ஆம் ஆண்டுச் சான்றை முற்றும் நீக்கிவிட்டு, மெய்யான பழஞ்சீட்டுகள் காட்டிய இடங்களை மட்டுமே வழிகாட்டியாகக் கொண்டு அவரும் பென் கிங் முதலியோரும் தேடினர். 1997 நவம்பரில் மராட்டிய மாநிலத்துச் சகாதா நகரை அடுத்த காட்டில் அச்சிற்றாந்தை உயிருடன் காணப்பட்டது. 113 ஆண்டு இடைவெளிக்குக் காரணம் பறவையின் அருமை மட்டுமன்று. ஒரு பொய்ச்சீட்டும் அதற்குத் துணைசெய்தது. ராஸ்முசெனும் நைஜல் காலரும் 1999இல் இதனை வெளியிட்டனர். அதன்பின் மைனர்ட்ஸ்ஹாகனின் பிற ஆசியக் குறிப்புகளும் மறுஆய்வுக்கு உள்ளாயின. அவற்றை நம்பி எழுதப்பட்ட பரவல் விவரங்கள் பல நீக்கப்பட்டன. இடைச்செருகலைக் களைந்த பின்னரே மூலபாடம் விளங்கியது என்க.

இதுகாறும் கூறியவை அரிதாய்க் காணப்பட்டவை. இனிக் கூறப்புகுவது, அரிதல்லாத ஒன்று அரிதாய்ப் பின் இல்லையாய வரலாறு. சைபீரியப் பெருங்கொக்கு என்று இதனை ஈண்டு வழங்குவோம். தமிழில் கொக்கு என்றால் வயலில் நிற்கும் வெண்குருகே பொதுமக்கள் நினைவுக்கு வரும். இதுவோ ஆளின் தோளளவு உயர்ந்து நிற்பது. தூவெள்ளை உடல், செந்நிற முகம், சிறகு விரித்தாலன்றிப் புலப்படாத கருமுனைகள் என்பன இதன் அடையாளம். இதன் பேருருவம் சகாங்கீர் அவை ஓவியரான உசுத்தாது மன்சூர் தீட்டியதாகக் கொள்ளப்படும் ஓவியத்தில் உள்ளது; அவ்வோவியம் கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. சகாங்கீர் ஆட்சி 1627இல் முடிந்தது. இப்பறவையைப் பீட்டர் பல்லாஸ் நூல்முறையில் விவரித்ததோ 1773இல். எனவே அறிவியற் பெயர் பெறுதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே இது வடபுலத்து ஓவியன் கண்ணிற் பட்டிருந்தது.

1860களில் எட்டாவாவைச் சூழ்ந்த நீர்நிலைகளில் ஹியூம் இதனைப் பல பனிக்காலங்கள் உற்றுநோக்கினார். சேவலும் பெடையும் ஒரு குஞ்சும் எனக் குடும்பமாக வந்து, தமக்கென ஓரிடம் வரைந்துகொண்டு, நீர்ப்பூண்டுகளின் வேரும் கிழங்கும் தோண்டி உண்ணும் என்பது அவர் கண்டது. பரத்பூரிற் பின்னர் ஆராய்ந்தோரும் கோரைக்கிழங்கே இதன் முதன்மை உணவு என்றனர். ஹியூம் துப்பாக்கி கொண்டே ஆராய்ந்தார் என்பதையும் மறைத்தற்கில்லை. அவர் எழுதியவற்றுள் பெருஞ்செல்வமாய் நாம் இன்று போற்றுவன பல, அவர் சுட்டு வீழ்த்தியவற்றினின்றும் பெற்றனவே.

எட்டாவாவினின்று கருத்தைப் பரத்பூருக்குத் திருப்புவோம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் இந்தியாவில் இக்கொக்கு ஆண்டுதோறும் தவறாது வந்த இடம் இராசத்தான மாநிலத்து இவ்வூர்ச் சதுப்பு ஒன்றே. சூரச்மல் மன்னர் காலத்து அசான் அணையின் நீரால் நனையும் இப்பள்ளநிலம், பின்வந்த மன்னர்களால் வாத்து வேட்டைக்கெனத் திருத்தப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர். அங்குள்ள கேவலாதேவ் கோயிலின் அருகே ஒரு கல்வெட்டு உண்டு. மெய்க்கீர்த்தி படித்துப் பழகிய கண்ணுக்கு அது வியப்பைத் தரும். வேட்டை நிகழ்ந்த நாள், வந்த விருந்தினர், துப்பாக்கிகளின் எண்ணிக்கை, வீழ்ந்த பறவைகளின் தொகை என்பனவே அதன் செய்தி. 1938 நவம்பர் 12இல் அரசப் பிரதிநிதி லின்லித்கோ பிரபு வந்தபோது ஒரே நாளில் வீழ்ந்தவை 4,273. விருந்தினர் பெயரைக் கல்லில் வெட்டியோர், வீழ்ந்தவை எவ்வினம் என்பதைக் குறித்திலர். அத்தொகையுள் அரும்புள் எத்தனை, வழிதவறி வந்தது எது என்பதை எவ்வாராய்ச்சியாலும் இனி மீட்டல் இயலாது. எண்ணின் திட்பம் சான்றின் திட்பம் ஆகாது என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு யான் கண்டதில்லை.

1956இல் இந்நிலம் பறவைகட்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் தேசியப் பூங்காவாயிற்று. 1985இல் உலக மரபுச் சின்னமாயிற்று. காவல் மிக மிகக் கொக்கின் எண்ணிக்கை குறைந்தது என்பதே இவ்வரலாற்றின் முரண். 1960களின் நடுவில் 200 அளவில் வந்தவை, 1980களின் நடுவில் 40 அளவினவாயின. 1992-93 பனிக்காலத்தில் வந்தவை 5. பரத்பூரில் நேர்ந்த இடையூறும் ஒன்று உண்டு: 1982இல் எருமை மேய்ச்சல் தடுக்கப்பட, ஊரார்க்கும் காவலர்க்கும் பூசல் மூண்டு உயிரிழப்பும் நேர்ந்தது, மேயாத புல் தழைத்து நீர்ப்பரப்பை மூடியது. தடைசெய்தது தவறு என்று பின்னர் ஆராய்ந்தோர் பலர் கருதினர். ஆயினும் பெருங்கேடு நேர்ந்தது வழியிலேயே என்பர். மேற்குச் சைபீரியாவில் ஓபு ஆற்றின் கீழ்ப்பகுதியினின்று பரத்பூர் வரை 5,000 கிலோமீட்டரினும் மிக்க பயணம். நடுவே ஆப்கானித்தானத்து ஆபி-இசுத்தாதா ஏரி முதலிய தங்குமிடங்களில் வேட்டை; 1979 முதல் அந்நாட்டில் ஓயாத போர். ஆண்டுக்கு ஒரு குஞ்சே வளர்க்கும் பறவை இவ்விழப்பை ஈடுசெய்ய வல்லதன்று.

வாராமையைச் சான்றாகக் கொள்வது எத்துணை அரிது என்பதை அடுத்த ஆண்டுகள் காட்டின. 1993-94, 1994-95 ஆகிய இரு பனிக்காலங்களிலும் கொக்கு வரவில்லை. இனி வாரா என்று கொள்ள இடமிருந்தது. அதற்கடுத்த பனிக்காலத்தில் நான்கு வந்திறங்கின. முடிந்தது என எழுதிய ஏட்டின் அடியில் மீண்டும் ஒரு வரி எழுத வேண்டியதாயிற்று. இந்நிகழ்ச்சியாலன்றோ, பின்னர் உண்மையாகவே வாராதொழிந்தபோதும் முடிவுரைக்கப் பலர் தயங்கினர்! தோன்றியதை எழுத ஒரு கண் போதும். தோன்றாமையை எழுதப் பல ஆண்டுகளும் பல கண்களும் வேண்டும்.

கிழக்கே யாகுத்தியாவிற் குஞ்சு பொரித்துச் சீனத்துப் போயாங்கு ஏரிக்குச் செல்லும் கூட்டம் இன்றும் சில ஆயிரம் உளது. ஆகவே இனம் அழிந்துவிடவில்லை. மேற்கே ஈரானுக்குச் சென்ற கூட்டத்துள் எஞ்சிய ஒற்றைப் பறவைக்கு அந்நாட்டார் நம்பிக்கை எனப் பொருள்படும் 'உமீது' என்னும் பெயரிட்டனர். அது பல பனிக்காலங்கள் துணையின்றித் தனியே வந்து மீண்டது. இந்தியாவுக்கு உரிய நடுக்கூட்டமே அற்றுப்போனது. 2001-02 பனிக்காலத்திற் பரத்பூருக்கு வந்து, 2002இல் வடக்கு நோக்கிப் பறந்தவையே இறுதியாக வந்தவை எனக் கொள்ளப்படுகின்றன. அவை எழுந்த நாளில் அதனைக் கண்டார் எவரும் இறுதி வரவு என்று குறித்திருத்தல் இயலாது. அச்சொல் பின்னாண்டுகள் அக்குறிப்பின்மேல் ஏற்றிய உரையே. ஹியூம் எட்டாவாவில் எழுதியது சேவலும் பெடையும் குஞ்சும். பரத்பூரின் கடைசிக் குறிப்பிலோ ஓர் இணை மட்டுமே உளது.